மாமா ஒப்புக்கொண்ட தவறு

வியாழக்கிழமை திருவேட்டக்குடியிலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து முடிவெடுத்துவிட்டது. புயல் சின்னம் எதுவும் இல்லை. எந்தக் கோயிலிலும் கொடி ஏறவில்லை. ஊரில் யாரும் சாகவும் இல்லை. அன்றைக்குத் தமிழரசிக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, அவ்வளவுதான் காரணம். தமிழரசிக்கே இந்தச் செய்தி ஒலிபெருக்கி மூலமாகத்தான் தெரிந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடி வந்து நின்றாள்.

"நம்மூருப் பொண்ணு தமிழரசிய வர்ற வியாழக்கெழம காரைக்கால் காலேஜுல வச்சு விசாரிக்கிறாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு அவசியம் வந்துடணும்" என்று முழங்கியது குழாய்.

விசாரிக்கிறார்களாம்! அவள் நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

குற்றம் அவள் மேல்தான். போன வாரம் தாய்மாமன் அரசப்பனிடம் அவளே வாயைக் கொடுத்திருந்தாள். "வெளியூர்லேருந்து ஒரு பேராசிரியர் வருவாரு மாமா. எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேள்வி கேப்பாரு. நான் செஞ்சது சரின்னு அவருக்குப் பட்டாத்தான் பட்டம். யாரு வேணாலும் வந்து பாக்கலாம்." பஞ்சாயத்தில் இருபது வருடமாக உட்காரும் மனிதரிடம் இப்படிச் சொன்னால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அது பஞ்சாயத்து. நிற்பது பெண்ணாக இருந்தால் அவளுக்காகப் பேச வேண்டியது வீட்டு ஆண். அப்பா அன்பழகனோ கொட்டாவி விடுவதற்கு மட்டும் வாயைத் திறக்கிற ஆள். ஆக, பொறுப்பு தாய்மாமன் தலையில்.

"நீ ஒண்ணும் கவலப்படாத ஆயி. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார் அரசப்பன். அவர் வேன் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று இந்தப் பைத்தியம் நினைத்துக்கொண்டது.

ஊரில் தமிழரசிக்கு 'ஆட்டுக் கொழுப்பு படிக்கிற பொண்ணு' என்று பெயர். ஏறக்குறைய சரிதான். ஆட்டின் சிறுநீரகத்துக்கு மேலே அவரைக்கொட்டை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்பார்கள். அதன் நடுவில் இருக்கும் செல்கள் பாதி நரம்பு, பாதி சுரப்பி. ஒவ்வொன்றுக்குள்ளும் அட்ரினலினை நிரப்பிக்கொண்டு ஆயிரக்கணக்கான குட்டிப் பைகள் காத்திருக்கும். நரம்பிலிருந்து சமிக்ஞை வந்ததும் பைகள் செல்லின் சுவரில் ஒட்டிக்கொண்டு, வாய் திறந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடும். உடனே நெஞ்சு படபடக்கும், கை குளிரும், ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகும். இதெல்லாம் பள்ளிப் பாடம். ஒட்டிய பை வாயைத் திறப்பது எப்படி என்பதுதான் தமிழரசியின் கேள்வி.

செல்லின் சுவர் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. பாஸ்ஃபோலிப்பேஸ் டி என்று ஒரு நொதி, பை ஒட்டும் இடத்தில் இருக்கிற கொழுப்பு மூலக்கூறின் தலையை நறுக்கிவிடுகிறது. தலை சிறுத்த கொழுப்பு கூடியதும் சுவர் அந்த இடத்தில் வளைந்து கொடுக்கிறது, வாய் திறக்கிறது. இதை நிரூபிக்க அவளிடம் விலை கூடிய மருந்துகள் கிடையாது. பியூட்டனால் என்ற சாதாரண ஆல்கஹாலை வைத்துக்கொண்டுதான் மாரடித்தாள். அதைக் கலந்தால் நொதி ஏமாந்துபோய், தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஆல்கஹாலை எடுத்துக்கொண்டு உதவாத கொழுப்பைச் செய்துவிடும். பைகள் வாசல் வரை வந்து வாய் திறக்காமல் நிற்கும். அதே எடையில், வேறு வடிவத்தில் இன்னொரு பியூட்டனால் உண்டு. அதற்கு நொதி ஏமாறாது. அதைக் கலந்தால் பைகள் வழக்கம்போலக் கொட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவளுடைய ஆறு வருடம். மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கும் அல்லா பிச்சை பாய் விடியற்காலையில் சுரப்பிகளை ஐஸில் பொதிந்து பொட்டலமாகக் கொடுப்பார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவாள். சுனாமி வந்த வருடம் மட்டும் ஆறு மாதம் ஓடவில்லை.

இந்த ஆறு வருடத்தில் அவளை உறங்கவிடாத ஒரே பக்கம் எண்பத்தேழு. அங்கே, பன்னிரண்டு நாள் செய்த சோதனையில் ஒரு நாளின் அட்டவணை. மற்ற பதினோரு நாளும் ஏமாற்றாத பியூட்டனால் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. அந்த ஒரு நாள் மட்டும் அதிலும் சுரப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அவசரமாகப் பார்ப்பவருக்கு, இரண்டு ஆல்கஹாலும் ஒன்றுதான், நொதிக்கும் சுரப்புக்கும் சம்பந்தமே இல்லை, இந்தப் பெண் ஆறு வருடம் விஷம் வைத்து விளையாடியிருக்கிறாள் என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றிவிட்டால் பட்டம் போச்சு. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள். உதவித்தொகை நின்று ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னொரு முதல் அவளிடம் இல்லை. அந்த நாளைப் பேசாமல் எடுத்துவிட்டிருக்கலாம். ஆனாலும் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது நாற்காலி. வழக்கமாக வாய்மொழித் தேர்வுக்கு எட்டுப் பேர் வருவார்கள், அதிலும் நாலு பேர் சமோசாவுக்கு. அன்றைக்கு மூன்று வேனிலிருந்து எழுபத்து மூன்று பேர் இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கனகாம்பரம், மல்லிகை. தமிழரசியின் வழிகாட்டி பேராசிரியர் ராஜம் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். "என்ன தமிழரசி, கல்யாணம் எதுவும் வச்சிருக்கியா? நான் இருபது சமோசாதானே சொன்னேன்!" தமிழரசிக்குச் சிரிப்பும் பயமும் ஒரே சமயத்தில் பொங்கிக்கொண்டு வந்தன. அல்லா பிச்சை பாய்கூடக் கடையைச் சாத்திவிட்டு, அத்தர் மணக்க மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் சண்முகசுந்தரம் ஐதராபாத்திலிருந்து வந்திருந்தார். கறாரானவர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் பிறந்தது மாயவரம். கூட்டத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இத்தனை பேர் நமக்காக வந்திருக்காங்க. தமிழிலேயே கேட்கிறேன், அதுதான் மரியாதை" என்றார். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

முதல் அரைமணி நேரம் திருவிழா. திரையில் ஒவ்வொரு படம் மாறும்போதும் கைதட்டல். செல்லின் படம் வந்ததும் பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். தமிழரசி கரும்பலகையில் வட்டம் போட்டு, உள்ளே பைகளை வரைந்து, ஒரு பை சுவரில் ஒட்டி வாய் திறப்பதைக் காட்டினாள். ஊருக்காக எளிமையாகச் சொல்லப் போய் அவளுக்கே உற்சாகம் தாங்கவில்லை. தன் ஆராய்ச்சி இவ்வளவு அழகானதா என்று முதன்முறையாகத் தோன்றியது அவளுக்கு.

சண்முகசுந்தரம் ஆய்வேட்டைப் புரட்டினார். நேராக எண்பத்தேழுக்குப் போனார்.

"இந்த அட்டவணை. ஏமாத்தாத பியூட்டனால் போட்டும் சுரப்பு நாற்பத்தாறுக்கு எறங்கிடுச்சு. அப்படின்னா ரெண்டு சீசாவையும் மாத்தி ஊத்தியிருக்கணும், இல்ல உங்க முடிவே தப்பா இருக்கணும். இது தப்புத்தானே?"

தமிழரசி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அரசப்பன் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கைகூப்பினார்.

"சபைக்கு வணக்கம். நான் பொண்ணுக்குத் தாய்மாமன். அய்யா சொல்றது வாஸ்தவந்தாங்க. தப்பு நடந்துபோச்சு. சின்னப் புள்ள, தெரியாம மாத்தி ஊத்திடுச்சு. பெரிய மனசு பண்ணி மன்னிச்சுவுட்டுடணும்."

சொன்னதோடு விட்டாரா? நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்துவிட்டார்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தலையை ஆட்டினார்கள். அவர்கள் பார்த்த பஞ்சாயத்துகளில் இதுதான் கெட்டிக்காரத்தனம். எதிர்த்துப் பேசினால் விசாரணை நாள் கணக்கில் இழுக்கும். மளமளவென்று ஒப்புக்கொண்டு விழுந்துவிட்டால் சபை மனமிரங்கி அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடும். அரசப்பன் இந்த வழியில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் தவறு செய்ததாக ஒப்புக்கொண்டால் அதற்கு மன்னிப்பு கிடையாது, ஆய்வேடு குப்பைக்குப் போகும் என்பது பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? ராஜம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

சண்முகசுந்தரம் தரையைப் பார்த்தார், பிறகு தமிழரசியைப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"உங்க சார்பா ஒருத்தர் ஒத்துக்கிட்டாரே. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகக் கேட்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. தமிழரசிக்கு உள்ளங்கை சில்லிட்டது. காதுக்குள் அடிக்கும் நாடித்துடிப்பு அவளுக்கே கேட்டது. அவளுடைய இரண்டு சுரப்பிகளும் இப்போது முழு வேகத்தில் இயங்குகின்றன, லட்சக்கணக்கான பைகள் சுவரில் ஒட்டுகின்றன, நொதி நறுக்குகிறது, வாய் திறக்கிறது, கொட்டுகிறது. ஆறு வருடம் சீசாவில் அளந்ததெல்லாம் இப்போது தன் விலாவுக்குக் கீழே நடக்கிறது என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நேரத்திலா சிரிப்பாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். தாய்மாமன் சபையில் சொன்ன சொல்லை அந்த ஊரில் எந்தப் பெண்ணும் இதுவரை மறுத்ததில்லை. எழுபத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மறுத்தால் மாமாவுக்கு அவமானம். சும்மா இருந்தால் தான் செய்யாத தவறு தன் பேரில் எழுதப்படும்.

"மாமா, எந்திரிங்க. தப்பு நடக்கல" என்றாள். இன்னும் உரக்கச் சொன்னாள். "இது பஞ்சாயத்து இல்ல மாமா, பரீட்ச. தப்பு நடக்காதப்ப ஒத்துக்கக் கூடாது. நீங்க உக்காருங்க, நான் பேசுறேன்."

அரசப்பன் எழவில்லை. எழுவதா வேண்டாமா என்று பஞ்சாயத்து விதியில் இல்லாததால் குப்புறப் படுத்தபடியே இருந்தார்.

தமிழரசி சுண்ணக்கட்டியை எடுத்தாள். எண்பத்தேழாம் பக்கத்தின் மூன்று எண்களையும் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். "சார், நீங்க நடு வரிசைய மட்டும் பாக்குறீங்க. மேல் வரிசையப் பாருங்க. எந்த ஆல்கஹாலும் போடாத சீசா. மத்த நாள்ல அது நூறு. அன்னிக்கு நாற்பத்தெட்டு. ஏமாத்தாத பியூட்டனால் நாற்பத்தாறு. ரெண்டும் ஒண்ணுதானே? அந்த ஆல்கஹால் எதையும் குறைக்கல, செல்லே அன்னிக்குச் சோந்து கெடந்துருக்கு. ஏமாத்துற பியூட்டனால் மட்டும் பத்தொம்போதுக்குப் போயிடுச்சு. சோந்து கெடந்த செல்லுலயும் வித்தியாசம் அப்படியே இருக்கு சார். கீழ அடிக்குறிப்புல எழுதியிருக்கேன். அன்னிக்கு வந்த பொட்டலத்துல ஐஸ் இல்ல, வெதுவெதுன்னு இருந்துச்சு."

"ஐஸ் இல்லாதது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"அய்யா!" மூன்றாவது வரிசையில் அல்லா பிச்சை பாய் எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நம்ம மச்சான் மவளுக்கு நிக்காஹ். பிரியாணிக்கு அறுத்த எடத்துல ஐஸு தீந்துபோச்சு. பொட்டலம் நாலு மணி நேரம் சும்மா கெடந்துச்சு. தங்கச்சிகிட்ட அதச் சொல்ல எனக்கு மனசு வரல. தப்பு என்னுதுங்க."

தரையிலிருந்து அரசப்பன் தலையை மட்டும் தூக்கினார். "பாத்தீங்களா, தப்பு இருக்குல்ல!"

சண்முகசுந்தரம் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கூடமே கொல்லென்று சிரித்தது. ராஜம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேர் சேர்ந்து அரசப்பனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவரும் என்ன நடக்கிறது என்று தெரியாமலே சிரித்தார்.

"இந்த நாளைப் பேசாம எடுத்திருக்கலாமே? யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார் சண்முகசுந்தரம், சிரிப்பு அடங்கியதும்.

"நடந்துச்சு சார். நடந்தத எழுதாம எப்படி?"

அவர் பேனாவால் எதையோ எழுதினார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "இப்ப அவையில யாராவது கேள்வி கேட்கலாம். ஒரு கேள்வியாவது பதிவேட்டுல வரணும்."

யாரும் அசையவில்லை. கேள்வி கேட்பவன் எதிர்க்கட்சி, ஒரு பயல் வாயைத் திறக்கக் கூடாது என்று அரசப்பன் வேனிலேயே கட்டளை போட்டிருந்தார். அதையும் மீறிக் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தமிழரசியின் அம்மா செல்லம்.

செல்லம் காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அங்கே அவள் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. ஊரில் பஞ்சாயத்து கூடும் இடத்தில் மட்டும் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை, பெண்கள் அங்கே நிற்பதே வழக்கமில்லை.

"தங்கச்சி, உக்காரு" என்று சீறினார் அரசப்பன்.

"இது பஞ்சாயத்து இல்லண்ணே. இப்பத்தானே தமிழு சொன்னுச்சு" என்றாள் செல்லம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மகளைப் பார்த்தாள். "ஏ தமிழு, பை வந்து செவுத்துல ஒட்டி உள்ள உள்ளத வெளிய கொட்டுதுன்னு சொன்னே. பையோட தோலு செவுத்தோட சேந்துடுதுன்னும் சொன்னே. அப்படி எத்தன பை சேரும்?"

"ஆயிரக்கணக்குலம்மா."

"அப்ப செவுரு பெருத்துக்கிட்டே போவணுமே? பெருக்குதா?"

சண்முகசுந்தரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தன் கேள்வித்தாளை ராஜத்தின் பக்கம் தள்ளி, அதே கேள்வி இருந்த கடைசி வரியை விரலால் காட்டினார். ராஜம் படித்துவிட்டு, நிமிர்ந்து செல்லத்தைப் பார்த்தார்.

"பெருக்காதும்மா. ஒட்டுன தோல அது திரும்பவும் உள்ள இழுத்துக்கும்" என்றாள் தமிழரசி.

"யாரு இழுக்குறது? தலைய நறுக்குறான்னு ஒருத்தனச் சொன்னியே, அவனேதானா? வேற ஆளா?"

தமிழரசி மனசுக்குள் ஆய்வேட்டைப் புரட்டினாள். இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. "அத நான் பாக்கலம்மா" என்றாள்.

"பாக்கலையா?" மார்க்கெட் குரல் வந்துவிட்டது. "கொட்டுனதப் பாத்தவ பெறவு அள்ளுறதப் பாக்க வேணாமா? ஆறு வருசமா அங்க என்னாத்தப் பண்ணுனே?"

இந்த முறை சிரிப்பில் கூடத்தின் கண்ணாடிச் சன்னலே அதிர்ந்தது. சண்முகசுந்தரம் பதிவேட்டை இழுத்து, அவையோர் கேள்வி என்ற கட்டத்தில் அதைத் தன் கையாலேயே எழுதினார். பெயர், செல்லம். பணி, மீன் வியாபாரம். கையெழுத்துக்கு நீட்டினார். செல்லம் பேனாவை அழுத்திப் பிடித்து நாலு எழுத்தையும் நிதானமாகப் போட்டாள்.

எல்லோரையும் பத்து நிமிடம் வெளியே நிற்கவைத்தார்கள். எழுபத்து மூன்று பேருக்கு இருபது சமோசாவைப் பங்கு வைக்கும் சச்சரவில் அந்தப் பத்து நிமிடமும் போன இடம் தெரியவில்லை. கதவு திறந்தது. சண்முகசுந்தரம் வாசலில் நின்று, "டாக்டர் தமிழரசி, உள்ள வாங்க" என்றார். அவ்வளவுதான். விசில், கூச்சல், யாரோ அவள் தலையில் பூவை அள்ளிக் கொட்டினார்கள். அல்லா பிச்சை பாய் ராஜத்துக்கும் சண்முகசுந்தரத்துக்கும் கைகொடுத்துவிட்டு, கல்லூரிக் காவலாளிக்கும் கைகொடுத்தார். அரசப்பன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கைபேசியில் ஊருக்குக் கத்தினார்: "தீர்ப்பாயிடுச்சுடா! நம்ம பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லிட்டாங்க! நான் சொன்னதுதான் தப்பாம்! மைக்குல போடு!"

அவர் குரலில் அவமானம் துளியும் இல்லை. தமிழரசிக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழவும் செய்தாள், சிரித்துக்கொண்டே. பிறகு அம்மாவைத் தேடினாள். கூட்டத்தில் இல்லை. வெளியே வேனிலும் இல்லை.

செல்லம் காலியான கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மகள் வரைந்த வட்டத்தை, சுவரில் ஒட்டி வாய் திறந்த அந்தப் பையை, சரக்கு எடுக்கும்போது மீனின் செவுளைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசி ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, முடிஞ்சிடுச்சும்மா! பட்டம் குடுத்துட்டாங்க!"

"குடுப்பாங்க, குடுக்காம என்னா" என்றாள் செல்லம், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்ப முடிப்பே, எப்ப முடிப்பேன்னு ஆறு வருசமா ஒன்ன அரிச்சுட்டேன். அது கெடக்கட்டும். அந்தத் தோல இழுக்குறது யாருன்னு எப்ப ஆரம்பிப்பே?"